ஸ்டூல் போட்ட இடம்

6 ஆகஸ்ட் 2023

சேசு மரி சூசை

அன்புள்ள அக்கா செரினாவுக்கு, உன் தம்பி ஜெரார்ட் எழுதுவது. நான் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

இது நான் எழுதும் நாலாவது கடிதம். முதல் மூன்றுக்கும் பதில் வரவில்லை. வராது என்று தெரிந்துதான் எழுதினேன். ரகுபதி அத்தானை என் வேனில் அடித்துக் கொன்றவன் நான். நாலு வருஷம் தீர்ப்பானபோது கோர்ட்டில் நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதிலும் நான் ஒரு குறையும் சொல்லவில்லை.

ஆனால் இந்தக் கடிதத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. நடத்தை சரியாக இருந்தால் நாலு வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுவார்களாம், மிச்சத்தில் கடைசி எட்டு மாதத்தை வெளியே, வீட்டில் இருந்து கழிக்கலாம் என்கிறார்கள். வரும் மார்ச்சிலிருந்து. எங்கே இருக்கிறேன் என்று காட்டிக்கொடுக்கும் டேக் ஒன்றைக் காலில் மாட்டுவார்கள், பகலில் வேலைக்குப் போகலாம், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வெளியே தலைகாட்டக் கூடாது. அதற்குச் சொந்தக்காரர் ஒருவர் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அப்பா அம்மா போன பிறகு எனக்கு யார் இருக்கிறார்கள்? உன் கிளமெண்டி வீடு ஒன்றுதான்.

கேட்க எனக்கு முகமில்லை. கடிதத்தில் முகம் தெரியாது என்ற தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

நீ படம் வரைவதை விட்டுவிட்டாய் என்று கோவிலுக்கு வருகிறவர்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அது மட்டும் வேண்டாம் அக்கா. முடிந்தால் வெளியே எப்படி இருக்கிறது என்று ஒரு படம் வரைந்து அனுப்பு. பெயிண்ட் ஒட்டிய தாளை உள்ளே விடமாட்டார்கள். போட்டோ எடுத்து பிரிண்ட் போட்டால் விடுவார்கள். நான் சுவரைத் தவிர வேறு எதையும் பார்த்து ஒன்றரை வருஷமாகிறது.

அன்புத் தம்பி,
ஜெரார்ட்


2 செப்டம்பர் 2023

ஜெரார்டுக்கு,

நலம். நீயும் நலம் என்று எழுதியிருந்தாய், சரி. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

உன் நாலு கடிதமும் வந்தன. நாலையும் படித்தேன்.

நான் படம் வரைவதை விட்டுவிட்டேன் என்று சொன்ன புண்ணியவதி யார்? விட்டுவிட்டு நான் எதைச் சாப்பிடுவது? ரகுபதி இருந்தவரை ஒரு மாசம் படம் விற்காவிட்டால் அவருடைய பள்ளிக்கூட லேப் சம்பளத்தில் ஓடும். இப்போது விற்றால்தான் அரிசி. லிட்டில் இந்தியாவில் அழகப்பன் என்று ஒருவர் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் மர வாடைக்கு நடுவே ஒரு மூலை கொடுத்திருக்கிறார். சுற்றுலா வருகிறவர்களுக்குப் பூக்கடை, கோபுரம், கலர் கலரான பழைய வீடு. அதை நான் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன், அப்படித்தான் வரைகிறேன். புது காண்டோக்களில் வீடு வாங்க வருகிறவர்களுக்கு மாதிரியாகக் காட்டும் ஷோஃபிளாட்டுக்கு ஆர்டர் வரும். போன மாதம் ஒரு பெண் சோபா துணியை வெட்டி எடுத்துக்கொண்டு வந்து, காடு இந்தப் பச்சையில் வேண்டும் என்றாள். வரைந்து கொடுத்தேன். அப்படி ஒரு காடு உலகத்தில் கிடையாது.

வாரத்தில் ஒரு நாள் மட்டும் எனக்காக வெளியே போய் உட்கார்ந்து வரைகிறேன். அதில் ஒன்றை பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.

கையெழுத்து விஷயம் யோசிக்க வேண்டும்.

செரினா


17 செப்டம்பர் 2023

சேசு மரி சூசை

அன்புள்ள அக்காவுக்கு, நலம், நலமறிய ஆவல்.

கவர் வந்ததும் நின்றபடியே படத்தை எடுத்துப் பார்த்தேன். தண்ணீர்! படம் முழுக்கத் தண்ணீர்தான், தூரத்தில் மட்டும் மங்கலாக ஏதோ கட்டடங்கள். இது பாசிர் ரிஸ்தானே? சின்ன வயதில் அம்மா இட்லியைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்து, நான் மணலில் கொட்டிவிட்டு அடிவாங்கிய இடம். பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டேன்.

என் அறையில் ரவூப் என்று ஒருவர் இருக்கிறார். இருபது வருஷம் வீடு வீடாக டைல்ஸ் ஒட்டியவர். உன் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “உங்க அக்கா லெவல் பார்க்கத் தெரிஞ்ச ஆளு லா. தண்ணிக் கோடு ஓரத்துக்கு ஓரம் நூல் பிடிச்ச மாதிரி நிக்குது” என்றார். அவர் எதையும் சுலபமாகப் பாராட்டமாட்டார்.

காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்க்கிறேன். உனக்கு எவ்வளவு பெரிய மனசு. வெளியே உட்கார்ந்து வரைவது எப்படி இருக்கும் அக்கா? நீ எப்போதாவது சொல்ல வந்தாலும் நான் காதில் வாங்கியதில்லை. பெரிய கேன்வாஸ் இருந்தால் வேனில் ஏற்றி இறக்குவதோடு என் வேலை முடிந்தது. இப்போது கேட்க ஆசையாக இருக்கிறது.

நீ நிதானமாக யோசி. அவசரமில்லை. ஜனவரிக்குள் சொன்னால் போதும்.

அன்புத் தம்பி,
ஜெரார்ட்


5 நவம்பர் 2023

ஜெரார்டுக்கு,

நலம். நடுவில் ஒரு வாரம் காய்ச்சல், இப்போது பரவாயில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

பதில் தாமதம். வேலை இருந்தது என்று எழுதலாம், ஆனால் வேலை இல்லை.

நீ கேட்டாய், சொல்கிறேன். டிராவல் ஏஜென்சி கவுண்டரில் உட்கார்ந்து மற்றவர்களை ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தபோது சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன், ஞாபகம் இருக்கிறதா? “அக்கா டிராயிங் கிளாஸ் போறா, அடுத்து பால்வாடிதான்” என்று கிண்டல் செய்தாய். அங்கே முதல் பாடமே ஸ்டூல் போடுவதுதான். வெளிச்சம் அரைமணிக்கு ஒரு தடவை மாறும். அதனால் ஒரு படத்தை ஒரே நாளில் முடிக்க முடியாது, அடுத்த வாரம் அதே நேரத்துக்குப் போக வேண்டும். ஸ்டூல் ஒரு சாண் தள்ளிப் போனாலும் மரமும் வீடும் ஒன்றை ஒன்று மறைப்பது மாறிவிடும். அதனால் ஸ்டூலின் நாலு காலுக்கும் தரையில் நாலு ஆணி அடித்துவிட்டு வருவேன். அடுத்த முறை புல்லைத் தடவி ஆணியைத் தேடி, அதன் மேலேயே ஸ்டூலை வைப்பேன். என் கண் உயரம்தான் அடிவானம். உட்கார்ந்துவிட்டால் அது மாறாது. ரவூப்பிடம் சொல், லெவல் அப்படித்தான் வருகிறது.

உட்கார்ந்த இடத்திலிருந்து நாலு திசையையும் வரையலாம். வரைகிறவர் உட்கார்ந்த இடம் மட்டும் எந்தப் படத்திலும் வராது. இந்தத் தொழிலில் எனக்கு ரொம்பப் பிடித்ததே அதுதான்.

இப்போது மழைக்காலம். முன்பெல்லாம் ரகுபதி குடை பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு மணி நேரமானாலும் கை மாற்றமாட்டார், மாற்றினால் நிழல் ஆடுமாம். இப்போது குடையை ஸ்டூலில் கட்டிவைக்கிறேன். காற்றடித்தால் ஆடுகிறது.

பாசிர் ரிஸ் என்று உனக்குத் தோன்றினால் அப்படியே வைத்துக்கொள். இன்னும் இரண்டு வைத்திருக்கிறேன்.

செரினா


19 நவம்பர் 2023

சேசு மரி சூசை

அன்புள்ள அக்காவுக்கு, நலம். உன் காய்ச்சல் முழுக்க விட்டுவிட்டதா? மழையில் போய் உட்காராதே.

ஆணி விஷயத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன். அந்த ஆணியை வேறு யாராவது மிதித்தால்? ஆனால் குடை பற்றி எழுதியதைப் படித்த பிறகு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அத்தானுக்கு என் மேல் எவ்வளவு பிரியம். வேலையில்லாமல் திரிந்தபோது எனக்கு வேன் வாங்கக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான்.

புதுப் படங்கள் இரண்டும் அற்புதம். வரிசையாக மழைமரம் நிற்பது கிளமெண்டியில் நாம் படித்த பள்ளிக்கூடத்துப் பின்பக்கம். அடுக்குமாடி பிளாக் வீடுகள் இருப்பது தோ பாயோ. சரியா? எனக்காக இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஊர் முழுக்க அலைகிறாய் என்று நினைத்தால் அழுகை வருகிறது.

அக்கா, இந்த ஒரு கடிதத்தில் மட்டும் நேரடியாகக் கேட்கிறேன். ஜனவரி கடைசிக்குள் நீ கையெழுத்துப் போட்ட பாரம் ஆபீசுக்குப் போக வேண்டும். நீ போடாவிட்டால் அடுத்த நவம்பர் வரை இங்கேதான். இருந்துவிடுவேன், செத்துப்போகமாட்டேன். ஆனால் வெளியே வந்து உனக்கு ஒரு கிளாஸ் தண்ணீராவது எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. குடை பிடிக்கக்கூட எனக்கு அருகதை இல்லை, தெரியும்.

போலீசில் சொன்னதற்கு மேல் நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இனியும் சொல்லமாட்டேன். அதை நீ நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

அன்புத் தம்பி,
ஜெரார்ட்


23 டிசம்பர் 2023

ஜெரார்டுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. நலம்.

ஒரு ஆபீசர் போன் செய்தார். வீட்டில் எத்தனை அறை, யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அறை இரண்டு, ஆள் ஒன்று என்றேன். இரண்டாவது அறை ரகுபதி படிக்கிற அறை. அதில் இப்போது யாரும் எதுவும் படிப்பதில்லை.

நீ எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று எழுதினாய்? எனக்குப் புரியவில்லை. அதை விடு.

அன்றைக்கு நான் வரைந்த கேன்வாஸ் என்ன ஆனது என்று நீ கேட்கவே இல்லை. யாருமே கேட்கவில்லை. ஆறடிக் கேன்வாஸ், ஒரு ஹோட்டல்காரர் லாபிக்காகச் சொல்லிவைத்தது. ஆயில் பெயிண்ட், சொட்டச் சொட்ட ஈரம். ரகுபதி அதை வேனில் ஏற்றுவதற்காக இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் நின்றார். உன் வேன் அவரை அடித்தது. கேன்வாஸ் பறந்துபோய்ப் புல்லில் மல்லாக்க விழுந்தது. ஒரு கீறல் இல்லை. ஒரே ஒரு புல் மட்டும் எங்கிருந்தோ வந்து ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொண்டது.

நாற்பதாம் நாள் முடிந்த பிறகு அதை எடுத்துப் பார்த்தேன். பெயிண்ட் காய்ந்து புல் கெட்டியாகப் பிடித்திருந்தது. ஊசியால் எடுத்துவிடலாம். எடுக்கவில்லை. மேலே வார்னிஷ் அடித்துக் கொடுத்துவிட்டேன். ஹோட்டல்காரருக்கு அந்தப் புல்தான் ரொம்பப் பிடித்தது. வருகிறவர்களையெல்லாம் கிட்டே கூட்டிப்போய்க் காட்டுகிறாராம். அதைப் பார்த்து ஆறு பேர் எனக்கு ஆர்டர் கொடுத்தார்கள். இரண்டு வருஷமாக நான் சாப்பிடுகிற சோறு அந்தப் படம் போட்டது. ஒவ்வொரு கவளமும் எப்படி இறங்குகிறது என்று நீ கேட்காதே, நான் சொல்லவும் மாட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று படம். மூன்றாவதில் விளக்குக் கம்பத்தின் எண்ணைக்கூட விடாமல் போட்டிருக்கிறேன்.

செரினா


7 ஜனவரி 2024

அக்கா,

உடம்பு நன்றாக இருக்கிறது.

நேற்று ரவூப் உன் ஆறு படங்களையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டைல்ஸ் வேலை பார்த்த கை, சும்மா இருக்காது. திடீரென்று ஒன்றை எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் ஒட்டி வைத்தார். ஒன்றின் வலது ஓரத்தில் பாதி மரம் இருந்தது. மீதிப் பாதி அடுத்ததின் இடது ஓரத்தில் இருந்தது. எல்லாவற்றிலும் அடிவானம் ஒரே உயரம். பத்து நிமிஷத்தில் ஆறையும் சேர்த்துவிட்டார்.

“தம்பி, உங்க அக்கா ஊரெல்லாம் சுத்தல. ஒரே இடத்துல உட்கார்ந்து சுத்திச் சுத்தித் திரும்பியிருக்காங்க. வட்டம். இன்னும் ரெண்டு பீஸ்தான் பாக்கி” என்றார். பாவம், அவருக்குச் சந்தோஷம்.

பிறகு நான் கம்பத்தின் எண்ணைப் பார்த்தேன். அந்த எண் எனக்குத் தெரியும். கோர்ட்டில் காட்டிய போட்டோவில் இருந்தது.

இது உட்லண்ட்ஸ் கரையோரம். கார்பார்க்குக்குத் திரும்புகிற வளைவு. அங்கேதான் ஆணி அடித்து வைத்திருக்கிறாயா அக்கா? அங்கே போய்த்தான் வாராவாரம் உட்காருகிறாயா?

நான் அதையா தினமும் காலையில் எழுந்து கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

ஜெரார்ட்


13 ஜனவரி 2024

ஜெரார்டுக்கு,

நலம். ரவூப்புக்கு என் வாழ்த்து. கெட்டிக்காரர்.

ஆமாம், அதே இடம்தான். கோர்ட்டில் நீ என்ன சொன்னாய்? “நான் எதையும் பார்க்கவில்லை. இருட்ட ஆரம்பித்திருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.” மூன்று முறை சொன்னாய். எட்டு வருஷம் வேன் ஓட்டியவனுக்கு ஒரு மனுஷன் ஆறடிப் படத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பது தெரியவில்லை. அதனால்தான் அனுப்பினேன். நீ பார்க்காமல் வந்த இடத்தை ஒவ்வொரு துண்டாக, பொறுமையாக, நல்ல வெளிச்சத்தில் பார். நான் முழங்காலை மடக்கி மணிக்கணக்கில் உட்கார்ந்து உனக்காகவே வரைந்தது.

நீ என்னவென்றால் பாசிர் ரிஸ் என்றாய், தோ பாயோ என்றாய். அற்புதம் என்றாய். உன் கடிதம் வரும் ஒவ்வொரு தடவையும் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? வெட்கப்பட வேண்டிய சந்தோஷம்தான். இரண்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

பாக்கி இரண்டும் இதில் இருக்கிறது. ஒன்று ஜொகூர்ப் பாலம். மற்றது நீ வந்த ரோடு. வட்டம் முடிந்தது.

செரினா


21 ஜனவரி 2024

அக்கா,

நலம் விசாரிப்பதெல்லாம் வேண்டாம் இந்தத் தடவை.

பாரத்தில் கையெழுத்துப் போடாதே. ஆனால் ஒன்றை எழுதிவிடுகிறேன். இந்தக் கடிதத்தைத் தமிழ் தெரிந்த ஆபீசர் படிப்பார். படிக்கட்டும்.

அன்றைக்கு நான் செம்பவாங்கில் ஞானஸ்நான விருந்தில் இருந்தேன். ஆறரை மணிக்கு உன் போன் வந்தது. படம் முடிஞ்சிருச்சு, வேனைக் கொண்டுவா என்றாய்.

“அக்கா, நான் குடிச்சிருக்கேன் லா. நாலு பீர். டாக்ஸி பிடிச்சுக்கோ.”

“எந்த டாக்ஸிக்காரன்டா ஈரக் கேன்வாஸ ஏத்துவான்? சீட்டெல்லாம் பெயிண்ட் ஆகும்னு ஓடிருவான்.”

“அக்கா, கண்ணு சொக்குது.”

“நாலு கிலோமீட்டர்தானேடா. அதுக்குள்ள என்ன ஆயிரப்போகுது? மூஞ்சியக் கழுவிட்டு வா. மழை வர்ற மாதிரி இருக்கு, படம் நாசமாயிரும்.”

சிரித்துக்கொண்டே சொன்னாய். பின்னால் அத்தான், “வேணாம் செரினா, வரச் சொல்லாத, நாம இங்கேயே மூடி வச்சுக்கிட்டு நிப்போம்” என்று சொன்னது எனக்குக் கேட்டது. உனக்கும் கேட்டிருக்கும், பக்கத்தில்தானே நின்றார்.

போலீசில் கேட்டார்கள், அக்கா போனில் என்ன பேசினார் என்று. எங்கே இருக்கே என்று கேட்டார், நானாகத்தான் கிளம்பினேன் என்றேன். நான் குடித்தது உனக்குத் தெரியாது என்று நீ எழுதிக் கொடுத்ததாக வக்கீல் வாசித்துக் காட்டினார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அத்தானைத்தான் கொன்றுவிட்டேன், உன்னையாவது விட்டுவைப்போம் என்று நினைத்தேன்.

நான் ரோட்டைப் பார்க்கவில்லை, உண்மை. நீ யாரைப் பார்த்தாய் அக்கா? நீ படத்தைப் பார்த்தாய்.

ஜெரார்ட்


24 பிப்ரவரி 2024

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ நலமா? போன கடிதத்தில் நீ கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

ஆமாம், சொன்னேன். நீ எழுதியதில் ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இல்லை. அவர் வேணாம் என்றதும் கேட்டது.

நீ என்னைக் காப்பாற்றியதற்கு நன்றி எதிர்பார்த்தாயா? அன்றைக்கே நீ போலீசில் சொல்லியிருந்தால் என்னையும் நாலு பேர் திட்டியிருப்பார்கள், நானும் ஓவென்று அழுது தீர்த்திருப்பேன். நீ வாயை மூடிக்கொண்டாய். கோவிலில் எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “குடிகாரத் தம்பி உன் வாழ்க்கையைக் கெடுத்துட்டானே” என்று அழுதார்கள். நான் தலையை ஆட்டினேன். இரண்டரை வருஷமாக ஆட்டிக்கொண்டிருக்கிறேன். உன்னை வெறுத்தால்தான் என்னால் நிமிர்ந்து நிற்க முடிந்தது. அதனால் நன்றாக வெறுத்தேன்.

ஜனவரி முப்பதாம் தேதி கையெழுத்துப் போட்டேன். மார்ச் பதினெட்டு, திங்கட்கிழமை காலை உன்னை விடுகிறார்கள் என்று சொன்னார்கள். உனக்கு வர இஷ்டமில்லை என்றால் ஆபீசரிடம் சொல்லிவிடலாம். அது உன் பாடு.

அறை தயார். ஒரு மாதமாக வேறு வேலை எடுக்கவில்லை. ரகுபதியின் புத்தக அலமாரியை வெளியேற்றிவிட்டு நாலு சுவரிலும் அந்த வட்டத்தை வரைந்திருக்கிறேன், தரையிலிருந்து கூரை வரை. ஜன்னல் கடல் பக்கத்தில் வந்தது, இடைஞ்சலாக இருந்ததால் பலகை அடித்து அதன் மேலும் கடலை வரைந்துவிட்டேன். கதவு இருக்கிற பக்கம் ரோடு. கதவைத் திறந்து வந்தால் நீ அன்றைக்கு வந்த திசையிலேயே வருவாய். உள்ளே நீ முதல் அடி வைக்கிற இடம் அவர் நின்ற இடம், நான் டேப் வைத்து அளந்துவிட்டேன். கட்டில் நடுவில், என் ஸ்டூல் இருந்த இடத்தில். அடிவானம் உட்கார்ந்த உயரத்துக்குப் போட்டது, நின்றுகொண்டு பார்த்தால் சரியாக இருக்காது. கட்டிலில் உட்கார்ந்து பார்.

ஏழு மணிக்கு மேல் நீ வெளியே போகக் கூடாது என்று எழுதியிருந்தாய். படத்திலும் அன்றைக்கு ஆன ஏழு மணிதான்.

நான் இதுவரை வரைந்ததிலேயே நல்ல படம் அது. விற்க முடியாது, அது ஒன்றுதான் குறை.

செரினா


2 மார்ச் 2024

சேசு மரி சூசை

அன்புள்ள அக்காவுக்கு, நலம். உன் முழங்காலை வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினாயே என்று கவலையாக இருக்கிறது.

வருகிறேன். ஆபீசரிடம் சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இங்கேயே இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ரவூப்கூட, “போகாத லா, ஜெயிலுக்கு ஜெயில் எதுக்கு மாத்திக்கிற” என்றார். ஆனால் இங்கே இதைச் சுமக்க எனக்குத் துணைக்கு ஆள் இல்லை. அங்கே பக்கத்து அறையில் நீ இருப்பாய், நீயும் தூங்கமாட்டாய்.

படத்தில் ஒரு தப்பு இருக்கிறது. எட்டையும் தினமும் பார்க்கிறேன், புல்லைக்கூட எண்ணிவிட்டேன். நீ இல்லை. வரைகிறவர் உட்கார்ந்த இடம் படத்தில் வராது, அதுதான் இந்தத் தொழிலில் உனக்கு ரொம்பப் பிடித்தது என்று எழுதினாயே. அது இந்த அறைக்கு ஒத்துவராது. நான் முதல் அடி வைக்கிற இடத்தை டேப் வைத்து அளந்தவளுக்கு இது ஒரு வேலையா?

ஒரு பெண்ணை வரை. ஸ்டூலில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். சிரிக்கிறாள்.

பதினெட்டாம் தேதிக்குள் முடித்துவிடு. வந்ததும் முதலில் அதைத்தான் தேடுவேன்.

அன்புத் தம்பி,
ஜெரார்ட்


9 மார்ச் 2024

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஏணியை அழகப்பன் கடையிலிருந்து எடுத்துவந்தேன், உறுதியான ஏணிதான், பயப்படாதே.

வரைந்துவிட்டேன். சுவரில் இடமில்லை. அதனால் கூரையில், கட்டிலுக்கு நேர் மேலே. அண்ணாந்து வரைந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டுவிட்டது. நீ மல்லாந்து படுத்தால் அவள் உன்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போன் வலது காதில். நீலச் சட்டை, அன்றைக்குப் போட்டிருந்தது.

சிரிப்புதான் வரவில்லை. ஐந்து தடவை துடைத்துத் துடைத்துப் போட்டேன். இருபது வருஷமாக நிலமும் தண்ணீரும் மட்டும் வரைந்த கை, முகம் படியமாட்டேன் என்கிறது. கண்ணாடியைப் பார்த்து வரையலாம் என்றால், அப்படிச் சிரிக்க எனக்கு இப்போது தெரியவில்லை. வாய் இருக்கிற இடத்தை வெறுமனே விட்டிருக்கிறேன். அந்தச் சிரிப்பைக் கேட்ட இரண்டு பேரில் நீ ஒருவன்தான் மிச்சம். நீ வந்து படுத்துக்கொண்டு சொல், நான் ஏணியில் நின்று போடுகிறேன். எத்தனை நாளானாலும் ஆகட்டும், எட்டு மாதம் இருக்கிறது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஜெயில் வாசலில் நிற்பேன். தவக்காலம், வீட்டில் கறி எடுப்பதில்லை. மீன் குழம்பு வைத்திருப்பேன்.

உன் அக்கா,
செரினா